காற்றுள்ளபோதே இறைத்துக்கொள்வோம்

உழவுத் தொழிலின் செலவுகளுள் நீர் இறைக்கும் செலவு தனித்தன்மை உடையது. விதையும் உரமும் பருவத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வாங்கப்படுபவை. நீர் இறைப்போ, பயிர் நிலத்தில் நிற்கும் வரை நாள்தோறும் தொடர வேண்டியது. ஏற்றமும் கமலையும் இருந்த காலத்தில் அது ஆளின் உழைப்பாகவும் மாட்டின் உழைப்பாகவும் கழிந்தது. இன்று டீசலாகவும் மின்சாரமாகவும் கழிகிறது. மின்கம்பி எட்டாத நிலங்களில் பயிரின் இலாபத்தை முடிவு செய்வது பெரும்பாலும் டீசல் விலைதான்.

இந்தச் செலவைக் காற்றின் தலையில் சுமத்த முடியுமா என்னும் கேள்வி நெடுங்காலமாகவே இருந்து வருகிறது. முப்பந்தலிலும் ஜெய்சல்மேரிலும் வானளாவ நிற்கும் மூன்று இறக்கைக் காற்றாலைகள் மின்சாரம் ஆக்குபவை. நாம் இங்குப் பேச எடுத்துக்கொண்டது அவற்றின் மூத்த உறவினரான சிறு காற்றாலைப் பம்பு. மின்கம்பியோ எரிபொருளோ இன்றிக் கிணற்று நீரை நேரடியாக மேலே கொண்டுவரும் எளிய இயந்திரம் இது. இதை வாங்குவது அறிவுடைமையா, இதற்காகக் கடன் பெறலாமா என்பதைக் கணக்கோடு ஆராய்வோம். காற்று இலவசமாகக் கிடைக்கலாம். காற்றைப் பிடிக்கும் இயந்திரம் அப்படிக் கிடைப்பதில்லை. காற்று நின்றுபோன மாதத்திலும் கடன் தவணை நிற்பதில்லை.

இயங்கும் முறை

1854ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த டேனியல் ஹாலடே, காற்று மிகும்போது தன் வேகத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் காற்றாலைப் பம்பு ஒன்றை உருவாக்கினார். அந்நாட்டின் பரந்த புல்வெளிகளில் கால்நடைகளுக்கும், நீராவி ரயில்களுக்கும் நீர் தந்தவை அந்த வழியில் வந்த இயந்திரங்களே. இன்றும் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறிவிடவில்லை.

நம் நாட்டில் பரவலாகப் பயன்பட்டவை 3 முதல் 5.5 மீட்டர் வரை விட்டமும், 12 முதல் 24 வரை தகடுகளும் கொண்ட சுழலிகள். அவை 10 முதல் 20 மீட்டர் உயரமுள்ள இரும்புக் கோபுரத்தின் உச்சியில் பொருத்தப்படுகின்றன. சுழலியின் சுற்று, நேரடியாகவோ பல்சக்கரங்கள் வழியாகவோ மேலும் கீழுமான அசைவாக மாற்றப்பட்டு, நீண்ட தண்டு ஒன்றின் மூலம் கிணற்றிலுள்ள பிஸ்டன் பம்பை இயக்குகிறது. பின்புறமுள்ள வால் சுழலியைக் காற்றின் திசைக்குத் திருப்புகிறது. காற்று அளவு கடக்கும்போது சுழலி பக்கவாட்டில் ஒதுங்கித் தன்னைக் காத்துக்கொள்கிறது.

மின்சாரக் காற்றாலைக்கு மூன்று இறக்கைகள் போதுமானவையாக இருக்க, இதற்கு ஏன் இத்தனை தகடுகள்? கிணற்றில் நிற்கும் நீர்க்கம்பத்தை முதன்முதலில் அசைப்பதற்கு, ஓடிக்கொண்டிருக்கும்போது சராசரியாகத் தேவைப்படுவதைப் போல மூன்று மடங்கு முறுக்குவிசை வேண்டும். மென்காற்றிலும் அந்த விசையைத் தர வேண்டுமானால் தகடுகள் நெருங்கி நிற்க வேண்டும். வேகம் குறைவு, வலிமை மிகுதி என்பதே இதன் இயல்பு. காற்று மணிக்கு 8 முதல் 10 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது இது நீரிறைக்கத் தொடங்கும்.

மும்மடிக் கணக்கு

காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும். கடன் வாங்க எண்ணுபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய உண்மை இதுவே.

5 மீட்டர் விட்டமுள்ள சுழலி, 20 மீட்டர் உயரத்துக்கு நீரை இறைக்கிறது என்று கொள்வோம். பொறியாளர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கின்படி, நொடிக்குச் சராசரி 3 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும் இடத்தில், நாளொன்றுக்குச் சுமார் 23,000 லிட்டர் நீர் கிடைக்கும். சராசரி வேகம் நொடிக்கு 4 மீட்டராக உள்ள இடத்தில் அதே இயந்திரம் ஏறத்தாழ 55,000 லிட்டர் தரும். நின்று பார்ப்பவருக்கு இந்த இரண்டு இடங்களின் காற்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். தொட்டிக்கு வரும் நீரோ இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது.

இந்த நீர் எதற்குப் போதும்? ஓர் ஏக்கரில் 4 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் கொடுக்க 16,000 லிட்டர் வேண்டும். ஆகவே சொட்டு நீர்ப் பாசனத்தில் காய்கறியோ பழமரங்களோ வளர்ப்பவருக்கு, முதலில் சொன்ன இடத்திலும் ஓர் ஏக்கருக்குச் சற்று மேலாகவே பாய்ச்ச முடியும். வரப்பு நிறைய நீர் நிறுத்தும் நெல் சாகுபடிக்கு ஆழக் கிணற்றிலிருந்து இறைக்கும் ஒற்றைக் காற்றாலை ஈடுகொடுக்காது.

மூன்று நிலங்கள் சொல்லும் பாடம்

ஆண்டுச் சராசரி மட்டும் பார்ப்பது ஏமாற்றத்தில் முடியலாம். இந்தியாவின் பெரும்பகுதியில் காற்று வலுத்து வீசுவது தென்மேற்குப் பருவக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை. பல மாநிலங்களில் அதுவே மழைக் காலமுமாகும். வானம் நீர் தரும்போது காற்றாலையும் நீர் தருவதில் பயன் சிறிது. நீர் தேவைப்படும் மாதமும் காற்று வீசும் மாதமும் ஒன்றுகூட வேண்டும். நீர்மட்டமும் எட்டும் ஆழத்தில் இருக்க வேண்டும். இவை எப்படிக் கூடிவருகின்றன என்பதற்கு மூன்று நிலங்களை எடுத்துக்காட்டலாம்.

முதலாவது அசாம். அங்குள்ள தர்ராங் மாவட்டத்தைச் சேர்ந்த மெஹ்தார் உசேன், முஷ்டாக் அகமது என்னும் சகோதரர்கள், கோடை நெல்லுக்கு நீரிறைக்க டீசல் செலவைத் தாங்க முடியாமல், மூங்கிலையும் மரத்தையும் பழைய டயர்த் துண்டுகளையும் கொண்டு ஒரு காற்றாலையைச் செய்து அதைக் கைப்பம்புடன் இணைத்தனர். சில ஆயிரம் ரூபாயில் முடிந்த முயற்சி அது. தேசியப் புத்தாக்க நிறுவனம் அவர்களுக்கு அங்கீகாரம் அளித்தது. நெல்லுக்கு அது ஈடுகொடுத்ததன் காரணம் எளிது: பிரம்மபுத்திரா சமவெளியில் நிலத்தடி நீர் சில மீட்டர் ஆழத்திலேயே கிடைக்கிறது. இறைக்கும் உயரம் குறையக் குறைய, அதே காற்று அந்த அளவுக்குக் கூடுதல் நீரைத் தரும்.

இரண்டாவது, குஜராத்தின் சிறிய கட்ச் ரண் பகுதி. மழைநீர் வடிந்த பின் அக்டோபர் வாக்கில் அகரியா எனப்படும் உப்பளத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு அங்குச் சென்று, கோடை முடியும் வரை தங்கி, நிலத்தடி உவர்நீரை இறைத்து உப்பு விளைவிக்கின்றனர். மாதக்கணக்கில் பம்பு ஓடியாக வேண்டும். அவர்களுடைய வருவாயில் பெரும்பங்கை டீசல் விழுங்கி வந்தது. அசாம் சகோதரர்களின் காற்றாலையை அகமதாபாத்திலுள்ள கியான் அமைப்பு எடுத்து, மூங்கிலுக்குப் பதிலாக இரும்பைக் கொண்டு, ரண் வெளியின் பலத்த காற்றுக்கு ஏற்பத் திருத்தி அமைத்தது. மரமோ கட்டடமோ தடுக்காத சமவெளி, குறைந்த ஆழம், உப்பு விளையும் மாதங்களிலேயே வீசும் காற்று ஆகிய மூன்றும் அங்குக் கூடின.

மூன்றாவது நமக்கு அருகிலுள்ள நிலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே, பாலக்காட்டுக் கணவாய்க்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் ஆரல்வாய்மொழிக்கும் எதிரே விரியும் மழைமறைவுப் பகுதிகளில், ஆனியிலும் ஆடியிலும் காற்று மலையிடைவெளி வழியே பாய்ந்து வருகிறது. மழையோ மலைக்கு அப்பாலேயே பெரிதும் பெய்து முடிந்துவிடுகிறது. காற்று மிகுந்து நீர் குறைந்த மாதங்கள் என்பதால் காற்றாலைப் பம்புக்கு இசைவான காலம் அது. ஆயினும் அப்பகுதிகளில் பல இடங்களில் நீர்மட்டம் நூற்றுக்கணக்கான அடி கீழே போய்விட்டது. இத்தகைய பம்புகள் ஏறத்தாழ 60 மீட்டர் ஆழம் வரையே செயல்படும் என்பதால், திறந்த கிணறு உள்ளவர்களுக்கே இது உதவும்.

நின்றுபோன காற்றாலைகள்

நம் நாட்டில் இந்த முயற்சி புதிதன்று. 1960களில் பெங்களூரிலுள்ள தேசிய விமானவியல் ஆய்வகம் நீரிறைக்கும் காற்றாலை ஒன்றை வடிவமைத்தது. பின்னர் நெதர்லாந்து நாட்டு அமைப்பு ஒன்றின் துணையுடன் உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூரில் 12 தகடுகளும் 5 மீட்டர் விட்டமும் கொண்ட மாதிரி உருவானது. ஆரோவில்லில் ஏவி-55 என்னும் வலுவான மாதிரி உருவாகிப் பல மாநிலங்களுக்குச் சென்றது. மத்திய அரசும் விலையில் பாதி வரை, நேரடி இயக்க வகைக்கு 20,000 ரூபாய், பல்சக்கர வகைக்கு 30,000 ரூபாய், ஆரோவில் மாதிரிக்கு 45,000 ரூபாய் என்னும் உச்ச வரம்புகளுக்கு உட்பட்டு மானியம் அளித்து வந்தது.

இருந்தும் பல ஊர்களில் துருப்பிடித்த கோபுரங்களே எஞ்சி நிற்கின்றன. காற்று இல்லாமையைவிடக் கவனிப்பு இல்லாமையே இதற்குப் பெரிய காரணம். பிஸ்டனின் வாஷர் தேய்வதும், மரையாணி தளர்வதும், பல்சக்கரப் பெட்டியில் எண்ணெய் வற்றுவதும் சிறு குறைகளே. சரிசெய்ய ஆளும் உதிரிப் பொருளும் அருகில் கிடைக்காதபோது அந்தச் சிறு குறையே இயந்திரத்தை நிரந்தரமாக நிறுத்திவிடும். மானியத்தில் வந்த இயந்திரத்தை யாருடைய பொறுப்பு என்று அறியாமல் விட்டுவிட்ட இடங்களும் உண்டு. ஊருக்குள் மலிவு மின்சாரம் வந்ததும் அவை மறக்கப்பட்டன.

தவணை முன்னே, சேமிப்பு பின்னே

மேலே கண்ட இரண்டு இடங்களையும் பணக் கணக்கில் ஒப்பிடுவோம். கோபுரம், சுழலி, பம்பு, அடித்தளம், தொட்டி அனைத்துக்கும் சேர்த்து 2,00,000 ரூபாய் என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். உண்மையான விலையை விற்பனையாளரிடம் எழுத்து மூலம் பெற வேண்டும்.

20 மீட்டர் உயரத்துக்கு 23,000 லிட்டர் நீரேற்ற, சிறிய டீசல் பம்புக்குத் தோராயமாக ஒரு லிட்டர் டீசல் செலவாகும். ஆண்டுக்கு 200 நாள் அந்த நீர் உண்மையாகவே பயன்பட்டால் 200 லிட்டர் டீசல் மிச்சம். லிட்டருக்கு 90 ரூபாய் எனில் 18,000 ரூபாய். பராமரிப்புக்கு 5,000 ரூபாய் ஒதுக்கினால் எஞ்சுவது 13,000 ரூபாய். 10 விழுக்காடு வட்டியில் முழுத்தொகையையும் கடனாகப் பெற்றிருந்தால், முதல் ஆண்டின் வட்டியே 20,000 ரூபாய். சேமிப்பு வட்டிக்குக்கூடப் போதவில்லை.

காற்று நொடிக்கு 4 மீட்டர் வீசும் இடத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.4 லிட்டர் டீசல் மிச்சமாகும். அதே 200 நாளில் 43,200 ரூபாய். பராமரிப்புப் போக 38,200 ரூபாய். இங்கே வட்டியையும் கட்டி, அசலையும் சில ஆண்டுகளில் அடைத்துவிடலாம். அதே விலையுள்ள அதே இயந்திரம், ஓரிடத்தில் சுமையாகவும் மற்றோரிடத்தில் சொத்தாகவும் ஆகிறது. மேலும், 55,000 லிட்டரையும் பயன்படுத்தப் பயிர் இருந்தால்தான் இந்தச் சேமிப்பு மெய்யாகும். தொட்டி நிரம்பி வழியும் நீர் யாருடைய கடனையும் அடைக்காது.

சூரிய பம்பு இருக்கும்போது

இன்று காற்றாலைப் பம்பு தனித்துப் போட்டியிடவில்லை. சூரிய மின்தகடுகளின் விலை பெரிதும் இறங்கிவிட்டது. வெயில் கடுமையாகும் மாதத்திலேயே பயிருக்கும் தாகம் மிகும். அந்த மாதத்திலேயே சூரிய பம்பும் நன்கு இறைக்கும். பம்பைத் தவிர அசையும் உறுப்பு எதுவும் இல்லை. காற்றாலைப் பம்பு கிணற்றுக்கு நேர் மேலேயே நிற்க வேண்டும். சூரியத் தகடுகளை வசதியான இடத்தில் வைத்துக் கம்பியிழுத்துக்கொள்ளலாம். 2019இல் தொடங்கிய பிஎம்-குசும் திட்டத்தில், பொதுவாக மத்திய அரசு 30 விழுக்காடும் மாநில அரசு குறைந்தது 30 விழுக்காடும் ஏற்க, எஞ்சிய பங்கில் பெரும்பகுதியை வங்கிக் கடனாகப் பெற வழி செய்யப்பட்டது. அந்த உதவி சூரிய பம்புகளுக்கு உரியது. காற்றாலைப் பம்புக்கு இல்லை. சிறிய ரண் பகுதியிலேயே அண்மை ஆண்டுகளில் அகரியாக்கள் மானியத்துடன் பெருமளவில் சூரிய பம்புக்கு மாறியுள்ளனர்.

ஆகவே பெரும்பாலான உழவர்களுக்கு இன்று முதலில் விசாரிக்கத் தக்கது சூரிய பம்பே. காற்றாலைக்கு எஞ்சும் இடம் சிறியது, ஆனால் உறுதியானது. இரவிலும் மேகமூட்டத்திலும் அது இறைக்கும். மின்னணுப் பாகம் எதுவும் இன்றி, ஊர்ப் பட்டறையிலேயே பழுது பார்க்கலாம். சிறிது சிறிதாக நாள் முழுதும் இறைப்பதால் கிணற்றின் ஊற்றுக்கு மீள அவகாசம் கிடைக்கிறது. கடலோரத் தோப்பு, மீன் குட்டை, கால்நடைப் பண்ணை, உப்பளம் போன்ற இடங்களில் இவை பெரிய நன்மைகள்.

வீட்டுக்கும் தொழுவத்துக்கும்

பாசனத்தைவிட வீட்டுத் தேவைக்கு இது எளிதில் பொருந்தும். ஊரக வீடுகளுக்கு அரசு வகுத்துள்ள குடிநீர் அளவு தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 275 லிட்டர்; பத்து மாடுகளுக்குத் தலைக்கு 70 லிட்டர் என்றால் 700 லிட்டர். மொத்தம் 1,000 லிட்டருக்குள் அடங்குகிறது. 3 மீட்டர் விட்டமுள்ள சிறு சுழலி, நொடிக்கு 3 மீட்டர் காற்றில், 15 மீட்டர் உயரத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 11,000 லிட்டர் இறைக்க வல்லது. காற்று நலிந்த நாளிலும் வீட்டுக்குப் போதும். எஞ்சியது தோட்டத்துக்கு ஆகும். நெருக்கமான நகர மனைகளுக்கு இது ஏற்றதன்று. சுற்றிலுமுள்ள சுவர்களும் மாடிகளும் காற்றைக் கலைத்துவிடும்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

முதலாவது, காற்றை அறிதல். சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் நாடு முழுவதற்குமான காற்று வரைபடங்களை உருவாக்கியுள்ளது. ஆனால் அவை 50 மீட்டர், 100 மீட்டர் போன்ற உயரங்களுக்கு உரியவை. 15 மீட்டர் கோபுரத்தில் காற்று அதைவிடக் குறைவாகவே இருக்கும். நம் நிலத்திலேயே ஓராண்டு அளந்து பார்ப்பது நன்று. கருவி இல்லாவிடில் மரங்களைப் பார்க்கலாம். முகத்தில் காற்றுப் பட்டு இலைகள் சலசலத்தால் வேகம் மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர். இலைகளும் சிறு கொப்புகளும் ஓயாமல் அசைந்தால் 12 முதல் 19 கிலோமீட்டர். நீர் தேவைப்படும் மாதங்களில் இரண்டாவது நிலை நாளில் பல மணி நேரம் நீடிக்கிறதா என்று நாட்குறிப்பில் எழுதி வருவதற்குச் செலவே இல்லை.

இரண்டாவது, இடம். நூறு, நூற்றைம்பது மீட்டர் சுற்றளவிலுள்ள மரங்களையும் கட்டடங்களையும்விடச் சுழலியின் அடிவிளிம்பு சில மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். தென்னந்தோப்பின் நடுவே கிணறு இருந்தால் கோபுரத்தின் உயரமும் செலவும் கூடும்.

மூன்றாவது, தொட்டி. காற்று கேட்டபோது வராது. வந்தபோது சேர்த்துவைக்க வேண்டும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று களத்துமேட்டில் சொன்ன பழமொழி இங்கும் பொருந்தும். இரண்டு மூன்று நாள் தேவையைத் தாங்கும் தொட்டி வேண்டும். 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள தொட்டியில் 50,000 லிட்டர் கொள்ளும். மேட்டில் அமைத்தால் வயலுக்குத் தானே பாயும். அந்த உயரமும் இறைக்கும் உயரத்தில் சேரும் என்பதை மறக்கலாகாது.

நான்காவது, பழுது பார்க்கும் ஆள். விற்பவரின் பட்டறை எவ்வளவு தொலைவு, வாஷரும் தண்டும் எங்கே கிடைக்கும், ஏற்கெனவே வாங்கிய இருவரின் காற்றாலைகள் இன்றும் ஓடுகின்றனவா என்பவற்றை நேரில் சென்று காண வேண்டும். பராமரிப்புக்காகக் கோபுரம் ஏறுபவர், சுழலியை நிறுத்திப் பூட்டிய பிறகு, இடுப்புக் கச்சையுடன் மட்டுமே ஏற வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் சுழலியைக் காற்றிலிருந்து ஒதுக்கிக் கட்டிவிட வேண்டும்.

ஐந்தாவது, கடன். புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்காகத் தனிக் குடும்பங்கள் பெறும் கடன், 10 லட்சம் ரூபாய் வரை முன்னுரிமைத் துறைக் கடனாகக் கொள்ளப்படுகிறது. பாசனக் கருவிக்கான கடன் தவணைகளை அறுவடைக் காலத்தை ஒட்டி அமைத்துத் தருமாறு கேட்கலாம். நடப்பிலுள்ள மானியங்களை மாநில எரிசக்தி முகமையிடமும் வேளாண் பொறியியல் துறையிடமும் விசாரித்த பின்னரே தொகையை முடிவு செய்ய வேண்டும். மானியம் கையில் வரும் முன் அதை நம்பிச் செலவிடுதல் கூடாது.

வங்கிக் கிளைக்கு வரும்போது ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதி எடுத்து வருவது நலம்: நீர் மிகவும் தேவைப்படும் மாதத்தில் உங்கள் நிலத்தின் காற்று வேகம், கோடையில் கிணற்று நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் விளிம்பு வரை உயரம், நாளொன்றுக்கு வேண்டிய நீரின் அளவு, அருகிலுள்ள பழுதுபார்ப்பவரின் தொலைவு. அந்த நான்கும் சாதகமாக இருந்தால் காற்றாலைப் பம்பு நெடுங்காலம் உழைக்கும் சொத்தாகும். ஏதேனும் ஒன்று பொருந்தாவிடில், அதே தாளைக் கொண்டு சூரிய பம்பைப் பற்றியோ சொட்டு நீர்ப் பாசனத்தைப் பற்றியோ பேசத் தொடங்கலாம். கடன் வாங்கியபின் அறிவதைவிட வாங்குமுன் அறிவது உழவருக்கும் நல்லது, வங்கிக்கும் நல்லது.